நல்ல நாள் பார்த்து நின்ற வண்டி

முப்பத்தாறு வருஷம் ஸ்கூட்டர் மெக்கானிக்கா இருந்து, கண்ணு மங்கினதுக்கு அப்புறம் வீட்ல ஓய்ஞ்சு உக்காந்தவன் நான். போன மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் புதுசா ஒர்க்‌ஷாப் திறந்தார்னு போயிருந்தேன். வண்டியில ஒரு ஒயரைச் சொருகினா, எங்க கோளாறுன்னு ஒரு சின்ன டப்பாவுல எழுத்தாவே வந்துருது. "அண்ணே, உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு அங்க இருந்த மெக்கானிக்குக கேட்டாங்க. "பயந்து பயந்துதான்"னு சொன்னேன். நக்கல் பண்றேன்னு நினைச்சு எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க மேல தப்பில்ல. அவங்களுக்குக் காந்திமதி டீச்சரைத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். மழை பேஞ்சாத்தான் வெள்ளாமைங்கிற ஊரு. பதினாறு வயசுல பஸ் ஏறி மதுரைக்கு வந்து, கோரிப்பாளையத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புல சேந்து, ஆறேழு வருஷம் பிளக் தேய்ச்சு, பஞ்சர் ஒட்டி, ஒரு வழியா தனியா எஞ்சின் இறக்குற ஆளானேன். அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. எல்லா மெக்கானிக் கதையும் அதான்.

சொல்ல வேண்டியது சுப்பையா மேஸ்திரியைப் பத்தி. எங்க ஒர்க்‌ஷாப்புல அவர் வச்சதுதான் சட்டம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்புட்டு ஆயிலுக்கும் கிரீஸுக்கும் நடுவுல அந்தச் சட்டையில ஒரு பொட்டுக் கறை பாக்க முடியாது. ஸ்பேனரைத் தொட மாட்டார். ஸ்டூலைப் போட்டு உக்காந்து, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேப்பார். யாரையும் திட்டவே மாட்டார், அதான் எங்களுக்குப் பயமே. வேலை முடிஞ்சுருச்சுன்னு போய் நின்னா, மூஞ்சிய ஏறிட்டுப் பாத்து ஒரே ஒரு வார்த்தை கேப்பார். "உறுதியா?" உறுதின்னு சொல்லிட்டா வண்டி வெளிய போயிரும். அதுக்கப்புறம் ரோட்டுல அதுக்கு என்ன ஆனாலும் அது நம்ம வாயால குடுத்த வாக்கு.

எஞ்சின் விக்குது, மிஸ் அடிக்குதுன்னு எந்த வண்டி வந்தாலும் அவருக்கு ஒரே வரிசைதான். மொதல்ல சீட்டைத் தூக்கி டேங்க் மூடியத் திற. பெட்ரோல் இருக்கா, தண்ணி கலந்திருக்கா, ஆயில் அளவாக் கலந்திருக்கான்னு பாரு, மோந்து பாரு. "ஓட்டுறவங்க பெட்ரோல் இருக்குன்னு சொன்னா நம்பாத. டேங்க் சொன்னா நம்பு"ம்பார். அடுத்து பிளக்கைக் கழட்டு. கரி அப்பி ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகமா வருது. வெளுத்துக் காஞ்சிருந்தா பத்தல. அப்புறம் பிளக்கை எஞ்சின் மேல வச்சு ஒரு உதை விட்டு, பொறி நீலமா அடிக்குதான்னு பாரு. செவப்பா வந்தா பொறி குடுக்குற பாயிண்டைத் தேய், கண்டன்சரை மாத்து. இம்புட்டும் சரியா இருந்தாத்தான் கார்புரேட்டர்ல கை வைக்கணும். வரிசை மாறுச்சுன்னா, "மறுபடி டேங்க்ல இருந்து வா"ன்னு அமைதியாச் சொல்லிட்டுக் கண்ணை மூடிக்குவார். இந்த வரிசையை வச்சே நூத்துக்கணக்குல வண்டிகளைச் சரி பண்ணியிருக்கேன். டீச்சர் வண்டியில மட்டும் இந்த வரிசையே என் கண்ணைக் கட்டிருச்சு.

காந்திமதி டீச்சருக்கு வீடு செல்லூர்ல. சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கக்கத்துல கட்டைய ஊனி நாலு எட்டு வைப்பாங்க, அம்புட்டுத்தான். வாத்தியார் வேலை கெடச்சது சமயநல்லூர் தாண்டி, ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஒரு சின்ன ஊர்ல. பஸ் படி அவங்களுக்கு ஏறாது. அதனால பழைய ஸ்கூட்டர் ஒண்ணை வாங்கிக் குடுத்தாங்க வீட்ல. நாங்கதான் அதுக்கு ரெண்டு பக்கமும் சைடு வீல் வச்சோம். கால் பிரேக்கைக் கைக்கு மாத்தினோம். உதைச்சு ஸ்டார்ட் பண்றதுக்குப் பதிலா கையால இழுக்குற மாதிரி ஒரு லீவர் வெல்டிங் வச்சோம். எண்பத்தி மூணோ நாலோ இருக்கும். ஒரு பொம்பள ஆளு சைடு வீல் ஸ்கூட்டர்ல போறது அன்னைக்கு மதுரையில பெரிய வேடிக்கை. பயலுக பின்னாலயே ஓடியாருவாங்க. டீச்சர் திரும்பி, "ஓடியாரவன்கிட்டயெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு கேப்பேன்"ம்பாங்க. ஒருத்தன் நிக்க மாட்டான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மொத நாள் வண்டியக் கொண்டாந்து விட்டாங்க. டேங்க் மூடி ஓரமா பெட்ரோல் கசிஞ்சு சேலையெல்லாம் நாறுதுன்னாங்க. மூடிக்குப் புது ரப்பர் வாஷர் போட்டேன், கச்சுனு உக்காந்துருச்சு. மறுநாள் பூஜை. மத்த ஒர்க்‌ஷாப்புல ஹெட்லைட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் பொட்டு வச்சு முடிச்சுருவாங்க. எங்க மேஸ்திரிக்கு அது பத்தாது. சீட்டைத் தூக்கி டேங்க் மூடிக்கும் வைக்கணும். "வண்டிக்கு அதான்டா வாயி. வாய விட்டுட்டு மூஞ்சிக்கு வச்சு என்ன பிரயோசனம்?"ம்பார். அன்னைக்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வச்சது நான்தான். டீச்சர் வண்டிக்கு மனசார வச்சேன், நல்லாத் தாராளமா.

விஜயதசமி அன்னைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு டீச்சர் காலையிலயே வந்து வண்டிய எடுத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் நேரா ஒர்க்‌ஷாப்புல வந்து நின்னாங்க.

"மாரியண்ணே, லைன் மேட்டுக்கிட்டப் போறப்ப விக்கி விக்கி நின்னுருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு லீவரை இழுத்தேன், கெளம்பிருச்சு."

அந்த எடத்தைச் சொல்லணும். மெயின் ரோட்டுல இருந்து எடது கைப் பக்கம் ஒரு மண்ரோடு பிரியும். ரெண்டு பர்லாங்குல ரயில் லைன். கேட்டும் கெடையாது, கேட்கீப்பரும் கெடையாது. லைன் உசரத்துல கெடக்கும், ரெண்டு பக்கமும் ரோடு ஏறி எறங்கும். ஒரு பக்கம் லைன் வளைஞ்சு கருவேலங்காட்டுக்குள்ள போயிரும். ரயில் வந்தாக் கிட்டத்துல வந்தப்புறம்தான் கண்ணுக்கே தெரியும்.

வரிசைப்படி பாத்தேன். டேங்க் சுத்தம். பிளக்குல லேசா ஈரம். மழைக்காலம்தானேன்னு பிளக்கை மாத்தி, பாயிண்டைத் தேய்ச்சு, பக்கத்துல இருக்குற தல்லாகுளம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். டெஸ்டுக்கு அதுக்கு மேல ஓட்டக்கூடாது, அடுத்தவங்க பெட்ரோல். வண்டி பூ மாதிரி ஓடுச்சு. "உறுதியா?"ன்னார் மேஸ்திரி. உறுதின்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி நின்னுருச்சு. இந்தத் தடவை மேட்டு மேலயே. வண்டி பின்னால உருண்டு, பிரேக்கைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. சனிக்கிழமை பூரா உக்காந்து கண்டன்சரை மாத்தினேன், காயிலை மாத்தினேன், கார்புரேட்டரைப் பிரிச்சு ஜெட்டை ஊதி மாட்டினேன். தல்லாகுளத்துக்கு மூணு தடவை போயிட்டு வந்தேன். ஒரு விக்கல் இல்ல. மேஸ்திரி கேட்டார். உறுதின்னு சொன்னேன்.

அதுக்கு அடுத்த வெள்ளி, மத்தியானம். ஒர்க்‌ஷாப் வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. டீச்சர் எறங்கல. எப்பவும் பக்கவாட்டுல சொருகி வச்சிருக்குற கட்டையை எடுத்து ஊனி எறங்கிருவாங்க. அன்னைக்கு உக்காந்த மேனிக்கே, மடியில இருந்து எதையோ எடுத்து மேஸ்திரிகிட்ட நீட்டினாங்க. அவங்க கக்கத்துக் கட்டை. ரெண்டு துண்டா இருந்துச்சு. முறிஞ்ச எடத்துல நார் நாராப் பிஞ்சு, ஒரு துண்டுல ரயில் சக்கரத்து மசி அப்பியிருந்துச்சு.

"தண்டவாளத்து மேலயே நின்னுருச்சு மேஸ்திரி. முன் சக்கரம் தாண்டிருச்சு, சைடு வீல் தாண்டல. வெத்தலக் கட்டுத் தூக்கிக்கிட்டுச் சோழவந்தான் பக்கமிருந்து வந்த ரெண்டு பேரு ஓடியாந்து, வண்டியோட என்னையச் சேத்து இழுத்துப் போட்டாங்க. கட்டை கீழ விழுந்துருச்சு. எடுக்க நேரமில்ல."

அம்புட்டுத்தான் சொன்னாங்க. அழுகல, கத்தல. "நீ உறுதின்னு சொன்னியேடா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். கையில பிடிச்சிருந்த ஸ்பேனர் எப்பக் கீழ விழுந்துச்சுன்னே தெரியல.

மேஸ்திரி அந்தத் துண்டு ரெண்டையும் வாங்கி ஸ்டூல் மேல வச்சார். அப்புறம், "என்னென்னைக்கு நின்னுச்சு டீச்சர்?"ன்னு கேட்டார்.

"மொதல்ல விஜயதசமி. பெறகு ரெண்டும் வெள்ளிக்கிழமை. மத்த நாளெல்லாம் ஒழுங்காப் போகுது, நல்ல நாளாப் பாத்துத்தான் நிக்குது"ன்னு சிரிக்கப் பாத்தாங்க. சிரிப்பு வரல.

கூட இருந்தவங்க ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அந்த லைன்ல யாரோ விழுந்து செத்திருக்கணும், அந்த ஆவி வெள்ளிக்கிழமையாப் பாத்துத்தான் பிடிக்கும்னு ஒருத்தர். எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார் இன்னொருத்தர். மேஸ்திரி மட்டும், "எஞ்சினுக்குக் கிழமை தெரியாதுப்பா"ன்னு சொல்லிட்டு வண்டிய ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. எஞ்சினை முழுசா எறக்கினேன். டேங்கைக் கழட்டி மண்ணெண்ணெய் விட்டு அலசினேன். மூடியக்கூட ஓரமெல்லாம் துடைச்சேன், பொட்டை மட்டும் தொடல. பூஜையில வச்ச பொட்டை எவனாச்சும் துடைப்பானா? எல்லாத்தையும் மாட்டி ஓட்டினா நல்லா ஓடுது. நல்லா ஓட ஓடத்தான் எனக்குப் பயம் கூடுச்சு. கோளாறு கண்ணுக்குத் தெரிஞ்சா சரி பண்ணிரலாம். இது ஒளிஞ்சுக்கிட்டு அந்த மேட்டுல போய்க் காத்திருக்கு. எங்கயாச்சும் ரயில் சத்தம் கேட்டாப் போதும், கை வேலை நின்னு போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிய டீச்சர் வீட்ல விடச் சொன்ன மேஸ்திரி, என்னையக் கூப்பிட்டார். "கிழமை ஓட்டுறவங்களுக்குத்தான் தெரியும் மாரி. நாளைக்குக் கூடப் போ. கண்ணைத் தொறந்து வச்சுக்க."

வெள்ளிக்கிழமை காலையில செல்லூர்ல போய் நின்னேன். டீச்சர் தலைக்குக் குளிச்சு, ஈரத் தலையில துண்டோட வந்தாங்க. புதுக் கட்டை இன்னும் பழகல, தடுமாறி வந்தாங்க. சீட்டைத் தூக்கி, மூடியத் திறந்து, குச்சிய விட்டுப் பெட்ரோல் அளவு பாத்தாங்க. பாதி டேங்க் இருந்துச்சு. மூடிய இறுக்கினாங்க. கையில கொண்டாந்த கிண்ணத்துல இருந்து சந்தனம் எடுத்து மூடி மேல வச்சு, குங்குமமும் வச்சு, கண்ணை மூடிக் கும்பிட்டாங்க. நானும் பக்கத்துல நின்னு கும்பிட்டேன். கண்ணைத் தொறந்து வச்சுக்கன்னு மேஸ்திரி சொல்லி அனுப்பின ஆளு நான்.

கெளம்பினோம். நான் பின் சீட்டுல. பரவை ஊரைத் தாண்டுற வரைக்கும் எஞ்சின் சத்தம் ஒரே சீர். சமயநல்லூர்கிட்ட எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு சின்ன இருமல். "டீச்சர், மெயின் ரோட்லயே நிறுத்துங்க"ன்னு சொல்லியிருக்கணும். இன்னும் கொஞ்சம் கேட்டாத்தான் என்னன்னு பிடிபடும்னு வாய மூடிக்கிட்டிருந்தேன். மண்ரோட்டுல திரும்பினோம். லைன் மேட்டுல ஏறினோம். டீச்சர் ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஆக்சிலேட்டரைத் திருகினாங்க. வண்டி விக்குச்சு. மறுபடி விக்குச்சு. முன் சக்கரம் மொதத் தண்டவாளத்தைத் தாண்டி எறங்கவும் எஞ்சின் செத்துப் போச்சு.

எங்கிட்டோ ஒரு ஹாரன் அடிச்சுச்சு.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் பொண்டாட்டிகிட்டக்கூட. நான் குதிச்சு ஓடிட்டேன். யோசிக்கல. காலு தானா ஓடுச்சு. நாலு எட்டு ஓடினப்புறம்தான் டீச்சர் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் பாத்தேன். ரெண்டு கையாலயும் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டிருந்தாங்க. கூப்பிடல. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க முடியாது.

ஓடி வந்து பின்னால பிடிச்சு இழுத்தேன். எனக்கு அம்புட்டுப் பலம் எங்க இருந்து வந்துச்சோ, டீச்சரோட சேத்து வண்டிய மேட்டுல இருந்து பின்னாலயே எறக்கிட்டேன். ஹாரன் அடிச்சது மெயின் ரோட்டுல போன ஒரு லாரி. ரயிலும் இல்ல ஒண்ணும் இல்ல.

அந்தச் சரிவுலயே மண்டி போட்டு உக்காந்தேன். அந்தப் பயத்துல வரிசை மறந்து போச்சு. அதான் பொழச்சோம். டேங்க்ல கை வைக்காம, நேரா கார்புரேட்டருக்குப் போற பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன். பெட்ரோல் சொட்டுச் சொட்டா வந்து நின்னு போச்சு. பாதி டேங்க் பெட்ரோல் இருக்குன்னு காலையில என் கண்ணால பாத்தேன், ஆனா குழாயில வரல. சீட்டைத் தூக்கி மூடியத் திருகினேன். உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு. அடுத்த நிமிஷம் குழாயில இருந்து பெட்ரோல் என் கை மேல கொட்டுது.

மூடிய நிமித்திப் பாத்தேன். டேங்க்ல இருந்து பெட்ரோல் எறங்க எறங்க, அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகணும். அதுக்குன்னு மூடியில ஒரு ஊசி ஓட்டை இருக்கும். அது அடைஞ்சா, கொஞ்ச தூரம் ஓடும், போகப் போக உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிச்சுக்கும், பெட்ரோல் அதிகமாக் கேக்குற மேட்டுல நின்னுரும். அந்த ஓட்டை மேல சந்தனம். நகத்தால சுரண்டினேன். மேல ஈரச் சந்தனம், அடியில காஞ்சது, அதுக்கும் அடியில கல்லாட்டம் இறுகிப் போனது. அந்த அடிச் சந்தனம் நான் வச்சது.

ஒர்க்‌ஷாப்புல ஒவ்வொரு தடவையும் மொத வேலையா மூடியத் திறந்து காத்தை உள்ள விட்டுட்டு, அப்புறம் மத்ததெல்லாம் தேடியிருக்கோம். பழைய வாஷரா இருந்தா ஓரத்துலயாச்சும் காத்துப் போயிருக்கும். அதையும் நான்தான் மாத்தினேன். பின்னால இதை மேஸ்திரிகிட்டச் சொன்னப்ப அவர் எந்திரிச்சுப் போய், ஒர்க்‌ஷாப்புல நின்ன வண்டி ஒவ்வொண்ணுக்கும் அவரே சீட்டைத் தூக்கி, அவரே பொட்டைச் சுரண்டினார். வெள்ளைச் சட்டையில பூராக் கறை.

"டீச்சர், என் தப்புதான். பூஜை அன்னைக்கு நான் வச்ச சந்தனம் ஓட்டையை அடைச்சிருச்சு"ன்னேன்.

டீச்சர் மூடிய வாங்கிப் பாத்தாங்க. "மொதத் தடவை நின்னதுல இருந்து எனக்கு அந்த லைனைக் கண்டாலே பயம் மாரியண்ணே. ஒர்க்‌ஷாப்புல வச்ச எடமாச்சேன்னு, வெள்ளிக்கு வெள்ளி நானும் அதுலயே வச்சுக் கும்பிட்டேன். போன வாரம் ரொம்பப் பயந்துக்கிட்டு ரெண்டு மடங்கா வச்சேன்"னாங்க. அப்புறம்தான் அவங்களுக்கு அழுகை வந்துச்சு. கட்டை ஒடிஞ்ச அன்னைக்கு வராத அழுகை.

காஞ்ச பொட்டு வெடிச்சுப் போயி மத்த நாள்ல காத்து விட்டிருக்கு, ஈரச் சந்தனம்தான் வெள்ளிக்கிழமை எஞ்சினைக் கொன்னுருக்குன்னு அப்பத்தான் எனக்கும் வெளங்குச்சு. அவங்க சேலையில குத்தியிருந்த ஊக்கை வாங்கி ஓட்டையைக் குத்தி எடுத்தேன். ஊதிப் பாத்தேன். காத்து உள்ள போச்சு. லீவரை இழுத்தேன், எஞ்சின் பிடிச்சுக்கிச்சு.

"எறங்கி உக்காருங்க டீச்சர். நான் வண்டிய அந்தப் பக்கம் விட்டுட்டு வந்து உங்களைத் தூக்கிட்டுப் போறேன்."

"நாளைக்கு யாரு ஓட்டுவா?"

"டீச்சர், நான் அப்ப ஓடினது..."ன்னு இழுத்தேன்.

"திரும்பி வந்தீங்கள்ல. தள்ளி நில்லுங்க, பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சுருவாங்க. வாரேன்"னுட்டு வண்டியத் திருகினாங்க.

மேட்டுல ஏறினாங்க. உச்சியில ஒரு நிமிஷம் நின்னு ரெண்டு பக்கமும் பாத்தாங்க. தண்டவாளத்துல எறங்கினாங்க. சைடு வீல் ஒவ்வொண்ணும் தூக்கித் தூக்கிப் போடுது. அப்பத்தான் கருவேலங்காட்டுக்குள்ள இருந்து நெசமான ரயில் ஊதுச்சு. வளைவுல எஞ்சின் மூஞ்சி தெரியுது. நான் கத்தினேன், என்ன கத்தினேன்னு தெரியாது. டீச்சர் தலை அந்தப் பக்கச் சரிவுல எறங்குற மாதிரிதான் இருந்துச்சு. சரியாப் பாக்கறதுக்குள்ள கூட்ஸ் வண்டி குறுக்க வந்துருச்சு.

பெட்டி பெட்டியாப் போகுது. முடியவே மாட்டேங்குது. சத்தத்துல ஒண்ணும் கேக்கல. குனிஞ்சு சக்கரத்துக்கு ஊடாப் பாத்தேன், அந்தப் பக்கம் ஒரே புழுதி. சைடு வீல் தாண்டுச்சா இல்லையா, நான் சரியாத்தான் குத்தினேனா, வேற கோளாறு ஏதாச்சும் ஒளிஞ்சிருந்துச்சா. சாமி பேரு ஒண்ணுகூட நெனப்புல வரல.

கடைசிப் பெட்டி போச்சு. அந்தப் பக்க ரோடு காலி. டீச்சரைக் காணோம், வண்டியக் காணோம். ஓடிப் போய்த் தண்டவாளத்து மேல ஏறி, ரயில் போன பக்கம் பாத்தேன். ஜல்லிக் கல்லும் ஸ்லீப்பர் கட்டையும்தான் கெடந்துச்சு.

அப்புறம்தான் கேட்டுச்சு. தூரத்துல, ஊருக்குள்ள திரும்புற எடத்துல, எஞ்சின் சத்தம். ஒரே சீரா, ஒரு விக்கல் இல்லாம. டீச்சர் நிக்கவே இல்ல. அவங்க பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க.

நான் அந்தச் சரிவுலயே உக்காந்து, வாய் விட்டு அழுதேன்.